வரம்பும் உயரட்டும், நிதியும் உயரட்டும்



நமக்கு நாள் அதிகம் இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை கொடுத்த ஒப்புதல் 2025-26 நிதியாண்டோடு முடிகிறது. 2026 ஏப்ரல் முதல் 2031 மார்ச் வரை பதினாறாவது நிதிக்குழுவின் காலம். அந்த ஐந்தாண்டும் இந்தத் திட்டம் எந்த விதிப்படி நடக்கும், யாருக்குக் கிடைக்கும், யாரைத் திருப்பி அனுப்பும் என்பது கோப்புகளில் எழுதப்படும் நேரம் இது. எழுதி, கையெழுத்துப் போட்டு, அரசிதழில் வந்த பிறகு நாம் சாலையில் உட்கார்ந்தால் ‘அடுத்த சுற்றில் பார்க்கலாம்’ என்பார்கள். அடுத்த சுற்று வருவதற்குள் இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கும். கல்லூரிக்குப் போயிருக்கும், இல்லையென்றால் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும்.

அந்தக் கோப்பில் ஓர் எண் இருக்கிறது: 2,50,000. தாய், தந்தை இருவரின் ஆண்டு வருமானமும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்விக் கட்டணமும் இல்லை, படிப்புப்படியும் இல்லை. 2013-இல் வைத்த எண் அது. அதற்குப் பிறகு விலைவாசி ஏறக்குறைய 70 விழுக்காடு ஏறிவிட்டது. அன்றைய இரண்டரை லட்சத்தால் வாங்கியதை இன்று வாங்க நாலேகால் லட்சம் வேண்டும். வரம்பைக் குறைக்கிறோம் என்று எந்த அமைச்சரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க அவசியமே இல்லாமல், எண்ணைத் தொடாமல் விட்டதாலேயே ஆண்டுக்கு ஆண்டு அது குறைந்துகொண்டு வந்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே தள்ளப்பட்டார்கள். எந்த ஆணையிலும் அது பதிவாகவில்லை.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசின் ஊதிய அட்டவணையில் கடைசிப் படி நிலை 1. அலுவலக உதவியாளரும் நிரந்தரத் தூய்மைப் பணியாளரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அடிப்படை ஊதியம் 15,700 ரூபாய். 2025 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 55 விழுக்காடு, அதாவது 8,635 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 24,335. ஆண்டுக்கு 2,92,020. வேறு எந்தப் படியையும் நான் சேர்க்கவில்லை. வேலை நிரந்தரமான முதல் மாதமே அந்தக் குடும்பம் வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஊர்க் கழிவை அள்ள வைக்கப்பட்ட ஒரு வீட்டில், முதன்முதலாக ஒருவருக்கு மாதச் சம்பளமும் வைப்பு நிதியும் கிடைக்கிறது. அதையே காரணமாகக் காட்டி அவர் மகளுக்கு ஸ்காலர்ஷிப் இல்லை என்கிறது விதி. அகவிலைப்படி உயர்ந்தால் நம் வீடுகளில் மகிழ்ச்சி வர வேண்டும். இந்த வரம்பின் விளிம்பில் நிற்கும் வீட்டில் அது மகளின் கல்லூரிக் கட்டணமாக வெளியே போகிறது.

நிரந்தர வேலையே இல்லாத வீட்டையும் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் கூலி வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 401 ரூபாய். மாதம் 26 நாள். பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்குப் போட்டால் 2,50,224 ரூபாய் வருகிறது. வரம்பைவிட 224 ரூபாய் அதிகம். நானூற்று ஒரு ரூபாய் கூலிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் அரசின் கண்ணில் அது வசதியான குடும்பம். கட்டட வேலையில் சித்தாளாக நிற்கும் அம்மாவிடம் போய், நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் பிள்ளைக்குப் பணம் கிடைத்திருக்கும் என்று எந்தத் தோழரால் சொல்ல முடியும்?

இந்த வரம்பு இன்னொரு கொடுமையையும் செய்கிறது. சம்பளச் சீட்டு உள்ளவரின் வருமானம் பைசா வரை தெரியும். தரகு, வட்டிக் கொடுக்கல் வாங்கல், ஒப்பந்த வேலை என்று சம்பாதிப்பவரின் வருமானம் தாளில் வராது. ஆகவே உண்மையிலேயே வசதி உள்ள சிலர் சான்றிதழோடு உள்ளே வருகிறார்கள். உழைத்து, வரவு கணக்கோடு வாழ்கிறவர் வெளியே நிற்கிறார். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகரும் ஒவ்வொரு படியிலும் அந்த அப்பா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: உள்ளதைச் சொன்னால் பிள்ளையின் படிப்பு போகும், குறைத்துச் சொன்னால் மானம் போகும். நேர்மையாக இருப்பவரைத் தண்டிக்கும் விதியை நல்ல விதி என்று யாரும் நியாயப்படுத்த முடியாது.

பழங்குடி மாணவர்களுக்கும் இதே இரண்டரை லட்சம்தான். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்றரை லட்சமாக இருந்தது 2021-22-இல்தான் இரண்டரை லட்சம் ஆனது. சிறுபான்மையினருக்கு அதுவும் இல்லை, 2 லட்சத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022-இல் அடியோடு எடுத்தே விட்டார்கள். ஆகவே இது ஒரு சமூகத்தின் கோரிக்கை என்று யாரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். இன்று பட்டியல் சாதி மாணவர்களுக்கான வரம்பில் உடைப்பு ஏற்பட்டால் நாளை எல்லா வரம்பிலும் ஏற்படும்.

இனி இதே அரசு வேறு இடங்களில் வைத்திருக்கும் எண்களைப் பாருங்கள். 2019-இல் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாதவர்களில் இட ஒதுக்கீடு பெறும் ‘பொருளாதாரத்தில் நலிந்தவர்’ என்பதற்கான வருமான வரம்பு 8 லட்சம். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வி ஸ்காலர்ஷிப்புக்கும் 8 லட்சம். அதே சமூக நீதி அமைச்சகம், அதே சமூகம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தால் எட்டு, பக்கத்தில் உள்ள கலைக் கல்லூரியில் படித்தால் இரண்டரை. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வருமான வரி கட்ட வேண்டாம் என்றார்கள். மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்குச் சுமை அதிகம் என்று புரிந்துகொள்ளத் தெரிந்த அரசுக்கு, மாதம் 21,000 வாங்கும் வீட்டின் சுமை புரியாமல் இருக்க வழியில்லை. வரி விலக்கும் இட ஒதுக்கீடும் ஸ்காலர்ஷிப்பும் வெவ்வேறு நோக்கம் கொண்டவை, ஒப்பிடக் கூடாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். நோக்கம் வேறு என்பது சரி. ஆனால் ஒரு குடும்பம் தன் காலில் நிற்க எவ்வளவு வருமானம் வேண்டும் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதற்கு ஒரே அரசு மூன்று விடை வைத்திருக்கிறது. மிகச் சிறிய விடையை நமக்கு ஒதுக்கியிருக்கிறது. நம் வரம்பும் 8 லட்சமாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

‘பணம் எங்கே இருக்கிறது?’

இந்தக் கேள்வி வரும், தோழர்களே. எம்.பி. கேட்பார், பத்திரிகையாளர் கேட்பார், டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கேட்பார். கேட்பதில் தவறே இல்லை. மக்கள் பணத்தைப் பற்றிப் பேசும்போது கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. கணக்கு அவர்கள் வேலை, போராட்டம் நம் வேலை என்று நம்மில் சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

2020 டிசம்பர் 23 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது மொத்தம் 59,048 கோடி ரூபாய்க்கு. அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, 35,534 கோடி. மீதி மாநிலங்களுடையது. ஐந்தாண்டில் 4 கோடி மாணவர்கள் பயன்பெறுவார்கள் என்றார்கள். ஒரே மாணவரை ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியாக எண்ணிய கணக்காக அதை எடுத்துக்கொண்டால், ஒரு மாணவருக்கு ஓராண்டுக்குச் சராசரியாக 14,762 ரூபாய் ஆகிறது. வரம்பு உயர்வதால் நாடு முழுவதும் 20 லட்சம் பேர் கூடுதலாக உள்ளே வருகிறார்கள் என்று வையுங்கள். அந்தச் சராசரிப்படி கூடுதல் செலவு ஆண்டுக்கு 2,952 கோடி.

‘புதிதாக வருபவர்கள் பொறியியல், நர்சிங், பார்மசி என்று அதிகக் கட்டணப் படிப்புகளில் இருப்பார்கள், சராசரி போதாது’ என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அப்படியே இரட்டிப்பாக்குங்கள். 5,905 கோடி. அதில் ஒன்றிய அரசின் 60 விழுக்காடு 3,543 கோடி. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. நூறு ரூபாய்க்கு ஏழு பைசா. 20 லட்சம் என்பது என் அனுமானம். அது 40 லட்சம் ஆனாலும் பதினான்கு பைசா. இந்தத் தொகையால் எந்த கஜானாவும் காலியாகாது.

எவ்வளவு தொகையை இந்த அரசு தயங்காமல் விட்டுக்கொடுக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1,45,000 கோடி வருவாய் போகும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். 2025-இல் 12 லட்சம் வரை வருமான வரி விலக்குக்காக விட்டது ஏறத்தாழ 1 லட்சம் கோடி. அவற்றைக் கொடுத்தபோது ‘பணம் எங்கே’ என்று கேட்டு எந்தக் கோப்பும் நிற்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு வரி குறைந்ததில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதே கனிவு தூய்மைப் பணியாளர் வீட்டுக்கும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இப்போது நமக்குள்ளேயே உள்ள ஒரு தயக்கத்தைப் பேசியாக வேண்டும். அதைப் பேசாமல் வீதிக்குப் போனால் பாதி வழியில் உடைந்து போவோம்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: ‘இருக்கிற பணமே ஆண்டு முடியும்போதுதான் வருகிறது. வரம்பை எட்டு லட்சமாக்கினால் வாத்தியார் பிள்ளையும் வங்கி ஊழியர் பிள்ளையும் வரிசையில் முன்னால் வந்து நிற்பார்கள். குடிசையிலிருந்து வருகிற பிள்ளை பின்னால் தள்ளப்படும். நாமே நம் ஏழைகளுக்கு எதிராகக் கொடி பிடிப்பதா?’

இது பொய்யான பயம் இல்லை. எனக்கும் இருக்கும் பயம். நிதியைக் கூட்டாமல் தகுதியை மட்டும் விரித்தால் நடப்பது அதுதான். ஒரே சோற்றுக்கு இரட்டைப் பந்தி. நிதி நின்றால் என்ன ஆகும் என்பதை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2017-18 முதல் மூன்று ஆண்டுகள் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்துக்குக் கொடுத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி மட்டுமே. ‘ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பொறுப்பு’ என்ற பெயரில் பெரும்பகுதிச் சுமையை மாநிலங்களின் தலையில் ஏற்றினார்கள். தகுதி விதி மாறவில்லை. காகிதத்தில் எல்லா மாணவரும் உரிமை உள்ளவரே. பணம்தான் இல்லை. பஞ்சாபில் தனியார் கல்லூரிகள் நிலுவையைக் காட்டித் தலித் மாணவர்களின் சான்றிதழ்களை நிறுத்தி வைத்தன. தேர்வு எழுத விட மறுத்தன. பல மாநிலங்களின் எதிர்ப்புக்குப் பிறகுதான் 2020-இல் 60க்கு 40 என்ற பங்கீடு வந்தது, ஒன்றிய அரசின் தொகை ஆண்டுக்கு 6,000 கோடி அளவுக்கு உயரும் என்ற உறுதியும் வந்தது. உரிமை எழுதப்பட்ட தாளும் பணம் ஒதுக்கப்பட்ட தாளும் ஒரே நாளில் கையெழுத்தாக வேண்டும் என்பதை அந்த மூன்று ஆண்டுகளில் படித்த பிள்ளைகள் தங்கள் படிப்பைக் கொடுத்து நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2012 செப்டம்பர் 11 அன்று வந்த அரசாணை 92-ஐ நம் மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது அது. பொறியியல் கல்லூரி வாசலையே பார்த்திராத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் உள்ளே போனார்கள். பிறகு 2017-இல் மாநிலம் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கான தொகையைக் குறைத்தது. 2018-இல் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிமுறை நிர்வாக ஒதுக்கீட்டையே திட்டத்திலிருந்து எடுத்தது. சில கல்லூரிகள் அந்தத் திட்டத்தை வைத்துக் கொள்ளையடித்தன என்பது உண்மை. கொள்ளையடித்த கல்லூரியைப் பிடிப்பதற்குப் பதில் மாணவரின் கதவைச் சாத்தினார்கள். ஓர் ஆணையால் கிடைத்ததை இன்னோர் ஆணையால் எடுத்துவிட முடிந்தது. ஏனென்றால் அந்த உரிமைக்குக் கீழே உறுதியான நிதி ஏற்பாடு இல்லை.

ஆகவே தயங்கும் தோழர்களுக்கு என் பதில் இதுதான். ‘வரம்பை உயர்த்து’ என்று மட்டும் எழுதிய பதாகையை யாரும் பிடிக்க வேண்டாம். அதன் பக்கத்திலேயே ‘நிதியை உயர்த்து’ இருக்க வேண்டும், அதே அளவு எழுத்தில். ஏழைப் பிள்ளைக்கு முதல் உரிமை என்பதையும் விதியில் எழுத வைப்போம். இரண்டரை லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களின் தொகை, கல்வியாண்டு தொடங்கும் காலாண்டிலேயே போய்ச் சேர வேண்டும். அது முடியாமல் அடுத்த அடுக்குக்குப் போகக் கூடாது. நாலரை லட்சம் வரை கட்டணமும் படியும் முழுமையாக. 2013-இன் மதிப்பைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவுதான், சலுகை எதுவும் இல்லை. அதற்கு மேல் 8 லட்சம் வரை கட்டணம் முழுமையாக, படி பாதியாக. இன்றைய விதியில் இரண்டரை லட்சம் என்றால் எல்லாம் உண்டு, அதன் மேல் ஒரு ரூபாய் என்றால் எதுவும் இல்லை. அந்த மலைமுகட்டைச் சரிவாக மாற்றியாக வேண்டும். படியைப் பாதியாக்குவதே தவறு, எல்லோருக்கும் முழுமையாகக் கேட்க வேண்டும் என்று வாதிடும் தோழர்களோடு நான் பொதுக்குழுவில் விவாதிக்கத் தயார். ஆனால் அந்த விவாதத்துக்காக இந்த மாதத்தை இழக்கத் தயாராக இல்லை.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. வரம்பு ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு தானாக உயர வேண்டும். அகவிலைப்படியை ஆண்டுக்கு இருமுறை கணக்குப் போடத் தெரிந்த அரசால் இந்த எண்ணை ஆண்டுக்கு ஒருமுறை திருத்த முடியும். இதை வெல்லாமல் வெறும் எட்டு லட்சத்தை மட்டும் வென்றால், பத்தாண்டு கழித்து நம் தம்பி தங்கைகள் இதே அறைகூவலை மறுபடி எழுத வேண்டி வரும்.

படித்தொகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தோழர்களே. விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து போய் வரும் பி.ஏ. மாணவருக்கு இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 250. தொழிற்படிப்பு படித்துக்கொண்டு விடுதியில் இருந்தால்கூட அதிகபட்சம் ஆண்டுக்கு 13,500. ஒரு செமஸ்டருக்கான புத்தகம், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் எப்போது வருகிறது? மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்த பிறகுதான் ஒன்றிய அரசின் 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். அதுவரை ‘முதலில் நீ கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் எடுத்துக்கொள்’ என்று கல்லூரிகள் சொல்கின்றன. அம்மாவின் மகளிர் குழு லோனில்தான் பாதிச் சேர்க்கைகள் நடக்கின்றன. தோடு அடகுக் கடைக்குப் போகிறது. மூன்றாவது செமஸ்டரில் வட்டி கட்ட முடியாமல் பிள்ளை நின்றுவிட்டால், அதை ‘இடைநிற்றல்’ என்று ஒரு பட்டியலில் எழுதி முடிக்கிறார்கள்.

2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4. பட்டியல் சாதியினருக்கு 25.9. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. இந்த 47-ஐச் சொல்லி நாம் பெருமைப்படலாம், அது உழைத்து வந்த எண். சத்துணவும் இலவச பஸ் பாஸும் இட ஒதுக்கீடும் சேர்ந்து கட்டிய எண். மாநில அரசே வருமான வரம்பில்லாமல் திட்டம் நடத்த முடியும் என்று காட்டியும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். 2024 ஆகஸ்ட் 9-இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. பிறகு புதுமைப் பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. தாசில்தார் கையெழுத்துக்காக யாரும் அலையவில்லை. தகுதியை விரித்தால் நிர்வாகம் தாங்காது என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு மாநில அரசைக் கேள்வி கேட்காமல் விட மாட்டோம். இரண்டரை லட்சம் வரம்பை 8 லட்சமாக்கக் கேட்டுத் தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்கு எழுதியிருக்கிறார். நல்லது, வரவேற்கிறோம். கடிதத்தோடு நிற்காமல், வரம்பு உயர்ந்தால் தன் 40 விழுக்காட்டை வைக்கத் தயார் என்று மாநிலம் பட்ஜெட்டிலேயே அறிவிக்க வேண்டும். ஒன்றிய அரசு மறுத்தால், நாலரை லட்சம் வரை உள்ள தமிழ்நாட்டு மாணவர்களை மாநிலம் தன் பணத்தில் ஏற்கும் என்றும் சொல்ல வேண்டும். சமக்ர சிக்ஷா நிதியில் 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்ததையும், மாநிலங்களின் கை கட்டப்பட்டிருப்பதையும் அறிவோம். அந்த அநீதிக்கு எதிராகவும் நாம் நிற்போம். அதற்காக நம் பிள்ளைகளின் கட்டணம் காத்திருக்க முடியாது.

இந்தத் திட்டம் எப்படிப் பிறந்தது என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்ற அம்பேத்கர், 1942-இல் லின்லித்கோ பிரபுவிடம் தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை ஒரு நீண்ட மனுவாகக் கொடுத்தார். அந்த மனுவில் உருக்கம் மட்டும் இல்லை, தொகையும் இருந்தது. அலிகார், காசிப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுக்கு மூன்று மூன்று லட்சம் கொடுக்கிற அரசு தம் மக்களின் உயர்கல்விக்கும் அதே அளவு கொடுக்கட்டும் என்பது அவர் வாதம். 1944-இல் இந்த ஸ்காலர்ஷிப் தொடங்கியது. எண்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் தலித் வீடுகளின் முதல் டாக்டர், முதல் வக்கீல், முதல் பேராசிரியர் என்று எத்தனையோ பேர் இந்தப் பணத்தில் படித்து வந்தவர்கள். அவர் கோரிக்கையோடு கணக்கையும் கொண்டுபோனார். நாமும் அப்படித்தான் போக வேண்டும்.

எனவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒரு மேசை போடுங்கள். வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட மாணவர்களைத் தேடிப் பேசுங்கள். பெற்றோரின் சம்பளச் சீட்டு, கட்டண ரசீது, நிராகரிப்புச் செய்தி மூன்றையும் நகலெடுங்கள். பெயரையும் ஆதார் எண்ணையும் கறுப்பு மையால் அழித்துவிட்டுத்தான் வெளியே காட்ட வேண்டும். எந்தப் பிள்ளையின் வறுமையையும் நாம் காட்சிப் பொருளாக்கக் கூடாது. அதே மேசையில் வரம்புக்குள் இருந்தும் பணம் வராதவர்களின் கணக்கையும் எழுதுங்கள். எந்த மாதம் கட்டினார்கள், எந்த மாதம் வந்தது, இடையில் எவ்வளவு வட்டி. இந்த இரண்டு பட்டியலும் ஒன்றாகப் போனால்தான் ‘வரம்பும் நிதியும்’ என்ற நம் கோரிக்கை முழுமையாக இருக்கும்.

தூய்மைப் பணியாளர் சங்கங்களிடம் போங்கள். கட்டடத் தொழிலாளர், அங்கன்வாடி, போக்குவரத்துச் சங்கங்களிடம் போங்கள். அவர்கள் கூலி உயர்வுக்காகப் போராடி வெல்லும் ஒவ்வொரு முறையும் இந்த வரம்பு அந்த வெற்றியில் ஒரு பங்கைப் பறிக்கிறது என்று சொல்லுங்கள். மாணவர் அமைப்பு மட்டும் பேசினால் ஒரு நாள் செய்தி. தொழிற்சங்கமும் சேர்ந்து பேசினால் அது பட்ஜெட் விவாதம்.

தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேரும் இருக்கிறார்கள். கட்சி பார்க்காமல் ஐம்பத்தேழு பேர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். மனு மட்டும் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டாம். மூன்று கேள்விகளை அவர் கையில் கொடுத்து, அவையில் எழுப்புவதாகக் கையெழுத்து வாங்குங்கள். 2026-31 சுற்றுக்கு இந்தத் திட்டத்தின் வருமான வரம்பு என்ன? அதற்கு எத்தனை கோடி கூடுதலாக வைத்திருக்கிறீர்கள்? வரம்பை விலைவாசியோடு இணைப்பீர்களா? எழுத்துமூலமான விடை வந்தால் அதை அன்றே நமக்குள் சுற்றுக்கு விடுங்கள். விடை மழுப்பலாக இருந்தால் அதையும் சுற்றுக்கு விடுங்கள். எந்தக் கதவை மறுபடி தட்ட வேண்டும் என்பது தெரியும்.

தேர்வு நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும். அரியர் வைத்திருக்கும் தோழர்கள் படியுங்கள், மேசையில் உட்காருவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்ற எல்லோரும் இந்த வாரமே கிளைக் கூட்டம் போட்டு, யார் எந்தக் கல்லூரி, யார் எந்த எம்.பி., எந்தத் தேதிக்குள் என்று பெயரோடு எழுதி மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். பட்ஜெட் கூட்டத்தொடரில் சமூக நீதி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை வருவதற்கு முன்னால் நம் பட்டியல் டெல்லி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.